தாடி ஓணானின் பயம் தெளிய

கேள்வி:



நாங்கள் மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ரொம்ப நாளாகக் கெஞ்சியதால், தீபாவளி சமயத்தில் அவன் மாமா ஒரு பியர்டட் டிராகன் வாங்கிக் கொடுத்தார். வயது ஏழெட்டு மாதம் இருக்கும் என்றார்கள். கண்ணாடித் தொட்டி, மணல், ஒரு விளக்கு எல்லாம் கூடவே வந்தன.

மகன் கையை உள்ளே விட்டாலே அது வாயைப் பிளக்கிறது, கழுத்தெல்லாம் கறுத்துப்போகிறது. சில சமயம் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டுகிறது. "ஹலோ சொல்லுதும்மா" என்று அவன் சந்தோஷப்படுகிறான். போன வாரம் விரலைக் கவ்விவிட்டது. சின்னக் கீறல்தான், லேசாக ரத்தம் வந்தது. இது விஷமா? நாய்க்கடிக்குப் போடுவதுபோல் ஊசி போடவேண்டுமா?

வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தையும், சர்க்கரை நோய் உள்ள மாமியாரும் இருக்கிறார்கள். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையாப் போச்சு" என்று மாமியார் தினமும் சொல்கிறார். டிசம்பர் குளிர் தொடங்கியதிலிருந்து அது சரியாகச் சாப்பிடுவதில்லை. தூக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறது. பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதா, நோய் என்று எடுத்துக்கொள்வதா? மகன் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறான். எப்படித் தூக்குவது, எப்படிப் பழக்குவது? இதை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி சரிதானா?

— ஒரு தாய், மயூர் விஹார், தில்லி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் கடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணானின் கடியால் மனிதருக்கு விஷபாதிப்பு கிடையாது. ரேபிஸ் பாலூட்டிகளுக்கு மட்டுமே வரும் நோய். ஓணான், பல்லி, ஆமை எதன் மூலமும் அது பரவாது. ஆகவே நாய்க்கடி ஊசி தேவையில்லை. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று பார்த்து, குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காயம் வீங்கினாலோ சீழ் வைத்தாலோ உடனே காட்டவேண்டும். இனி எப்போதாவது கவ்வினால் கையை வெடுக்கென்று இழுக்கவேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இழுத்தால் தோல் கிழியும், அதன் பல்லும் தாடையும் சேதமாகும். கையைத் தரையோடு தாழ்த்தி அசையாமல் வைத்திருந்தால் தானாகவே விட்டுவிடும்.

உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிவது இரண்டு: உங்கள் டிராகன் பயந்துபோயிருக்கிறது, அதற்குக் குளிரவும் செய்கிறது. இவை இரண்டும் தீராமல் எந்தப் பழக்கமும் ஒட்டாது. ஊர்வனவற்றிடம் நம்பிக்கை என்று நாம் சொல்வது, 'இந்தக் கையால் எனக்கு ஆபத்தில்லை' என்று அதன் உடம்பு அறிந்துகொள்வதைத்தான். நாயைப் போல் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் என்று மகன் எதிர்பார்க்கக்கூடாது. பயம் தெளிந்த தாடி ஓணான் தானாக வந்து கையில் ஏறி உட்காரும். அதுவே பெரிய விஷயம்.

ஏன் பயப்படுகிறது?

தாடி ஓணானின் பூர்வீகம் நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலம். அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம் ஊர் வேலி ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். ஆஸ்திரேலியா தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960களிலேயே நிறுத்திவிட்டது. இன்று உலகெங்கும் வீடுகளில் இருப்பவை பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்தவை. ஆனாலும் காட்டில் உயிர் பிழைக்க உதவிய எச்சரிக்கை உணர்வு அவற்றை விட்டுப் போகவில்லை.

காட்டில் அதற்குப் பெரிய ஆபத்து வானத்திலிருந்து வருகிறது. வேட்டைப் பறவை மேலிருந்து பாய்ந்து முதுகைப் பற்றும். டிராகனின் உச்சந்தலையில், இரு கண்களுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. வெளிச்சமான இடத்தில் உற்றுப் பார்த்தால் வெளிறிய செதில் ஒன்று தெரியும். மூன்றாவது கண் என்று சொல்லப்படும் உறுப்பு அது. உருவங்களை அது காணாது. ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும். தலைக்கு மேல் நிழல் விழுந்தால் டிராகன் பதறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடித் தொட்டியின் மேல்மூடியைத் திறந்து உங்கள் மகன் கையை இறக்கும்போது, அதற்குத் தெரிவது ஒரு பருந்து. வாயைப் பிளப்பதும், தாடியை உப்பிக் கறுக்கவைப்பதும், உடம்பைத் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டுவதும் 'என்னைத் தொடாதே' என்ற எச்சரிக்கை. அதையும் மீறிக் கை நெருங்கியதால்தான் கடித்திருக்கிறது.

முன்னங்காலை ஆட்டுவதும் ஹலோ இல்லை. தன்னைவிடப் பெரிய டிராகன் எதிரே வந்தால் இளசுகள் இப்படித்தான் காலாட்டும். 'நான் உனக்குப் போட்டியில்லை, என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்று பணிந்து சொல்கிற சைகை அது. மகனிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். அது காலாட்டினால் அவன் ஓரடி பின்னால் நகரவேண்டும்.

இவ்வளவு பயந்த பிராணி பழகுமா என்று கேட்பீர்கள். பழகும். தாடி ஓணான் நன்றாகக் கற்றுக்கொள்ளக்கூடியது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கம்பிக் கதவைத் தலையால் பக்கவாட்டில் தள்ளித் திறக்க ஒரு டிராகனைப் பழக்கினார்கள். அது திறப்பதைப் பார்த்த டிராகன்கள் அதேபோல் திறந்தன. தன் இனம் திறப்பதைப் பார்க்காதவற்றில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பார்த்துக் கற்கும் பிராணிக்கு, உங்கள் மகனின் கை நல்லது என்று கற்பது கைக்கெட்டாத பாடமில்லை.

முதலில் சூடு, பிறகுதான் பழக்கம்

டிராகனுக்குத் தானாக உடற்சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் சக்தி கிடையாது. அது விரும்பும் உடற்சூடு கிட்டத்தட்ட 35, 36 டிகிரி. டிசம்பர், ஜனவரியில் தில்லி இரவுகள் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்குகின்றன. ஹீட்டர் இல்லாத வீட்டில் பகலிலேயே அறை 15 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் அதற்குச் சாப்பிட்டது செரிக்காது, நோய் எதிர்ப்பு குறையும், தப்பி ஓடவும் தெம்பிருக்காது. ஓட முடியாத பிராணிக்கு இருக்கும் கடைசி வழி கடிப்பதுதான். தூக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பழகிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். குளிரிலும் பயத்திலும் அது ஒடுங்கிக் கிடக்கிறது. அசையாமல் இருக்கிறதே என்று சம்மதமாக நினைப்பது வீட்டில் பலரும் செய்கிற தவறு.

ஆகவே முதல் வேலை, இந்த வாரமே ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டுவது. புதிதாக எச்சமிட்டதைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப்போனால் குடற்புழு, காக்சிடியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தாடை மெத்தென்று அமுங்குகிறதா, விரல்கள் நடுங்குகின்றனவா, கால்கள் வளைந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியமும் புற ஊதா ஒளியும் போதாமல் எலும்பு மெலியும் நோயின் அறிகுறிகள் இவை. எலும்பு வலிக்கிற டிராகனை எவ்வளவு அன்பாகத் தூக்கினாலும் அதற்கு வலிதான் மிஞ்சும்.

இரண்டாவது வேலை தொட்டியைச் சீராக்குவது. ஒரு மூலையில் வெயில் காயும் இடம் வேண்டும். அங்கே கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி சுற்றி இருக்கட்டும். எதிர் மூலை 25 முதல் 28 டிகிரி. இரவில் 20 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் போதும். சிவப்பு பல்பை இரவில் எரியவிடவேண்டாம். கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்காமல், இரண்டு மூலையிலும் வெப்பமானி வையுங்கள். மணலை எடுத்துவிடுங்கள். இளசுகள் இரையோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். தில்லியில் எந்தக் கட்டடப் பொருள் கடையிலும் கிடைக்கும் கோட்டா கல் ஒரு துண்டை விளக்கின் கீழே வையுங்கள். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நகமும் தேயும், கழுவுவதும் சுலபம்.

விளக்குகளில் பலர் ஏமாறுகிறார்கள். சூடு தரும் பல்பு வேறு, புற ஊதா ஒளி தரும் யூவிபி குழல் விளக்கு வேறு. இரண்டும் வேண்டும். யூவிபி இல்லாமல் டிராகனின் உடம்பில் வைட்டமின் டி உண்டாகாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யூவிபி காலப்போக்கில் குறையும் என்பதால், வருஷம் ஒருமுறையாவது மாற்றவேண்டும்.

இரவில் மின்சாரம் போனால் தொட்டியின் மூன்று பக்கமும் கம்பளி போர்த்தி, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். அங்கீட்டி என்ற கரி அடுப்பு வைத்து அறையைச் சூடாக்கும் வழக்கம் தில்லியில் உண்டு. மூடிய அறையில் அதன் புகை மனிதர் உயிருக்கே உலை வைக்கும். டிராகனுக்காகவும் அதை மூட்டவேண்டாம். மே, ஜூனில் பிரச்சினை தலைகீழாகும். அறையே 40 டிகிரி தொடும் நாட்களில் சூட்டு பல்பை நடுப்பகலில் அணைத்துவிட்டு, ஏ.சி. அறையில் வையுங்கள். ஏர் கூலர் ஈரத்தைக் கூட்டிவிடும். வறண்ட நிலத்துப் பிராணிக்கு அது ஆகாது, சளி பிடித்து நுரையீரலில் இறங்கும்.

கை பழகும் வழி

சூடு சரியாகி, மருத்துவரும் குறையில்லை என்று சொன்ன பிறகு பழக்கத்தைத் தொடங்கலாம். அவசரப்படாமல் போனால் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். சிலவற்றுக்கு மாதக்கணக்காகும்.

முதல் ஒரு வாரம் பத்து நாள் தூக்கவே வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் மகன் தொட்டியின் அருகே உட்கார்ந்து பாடம் படிக்கட்டும், மெதுவாகப் பேசட்டும். தொட்டியைக் கண் மட்டத்துக்கு ஒரு மேசைமேல் உயர்த்தி, பின்பக்கமும் இரண்டு ஓரங்களும் அட்டையால் மறைத்துவிட்டால் அதன் பதற்றம் பாதி குறையும். அவன் உடுத்திக் கழற்றிய பழைய பருத்திச் சட்டைத் துண்டொன்றை, நூல் பிரியாமல் மடித்து, குளிர்ந்த மூலையில் வைக்கலாம். அந்த வாசனை அதற்குப் பழகட்டும்.

அடுத்தது உணவு. மரச் சாமணத்தில் ஒரு வெட்டுக்கிளியையோ மாவுப்புழுவையோ பிடித்து, பக்கவாட்டிலிருந்து நீட்டவேண்டும். சாமணம் பழகியதும் உள்ளங்கையில் முருங்கை இலை, வெந்தயக்கீரை, செம்பருத்திப் பூவிதழ் என்று வைத்து, கையைத் தரையோடு தட்டையாக வைத்துக் காத்திருக்கவேண்டும். அது வந்து நாக்கால் கையைத் தொட்டுப் பார்க்கும். அந்த நாக்குத் தொடுதல் நல்ல அடையாளம். புதிய பொருளை அது அப்படித்தான் அறிந்துகொள்கிறது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனால் போகட்டும், துரத்தவேண்டாம். கீரையில் பாலக் அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடும். அவகாடோ கூடாது. வெளியில் பிடித்த பூச்சிகள் வேண்டவே வேண்டாம். மின்மினிப் பூச்சி ஒன்றே டிராகனைக் கொன்றுவிடும்.

பிறகு தொடுதல். தோளிலோ விலாவிலோ ஒரு விரலால் மெல்லத் தடவவேண்டும். தலைக்கு மேலிருந்து தொடக்கூடாது. தாடி கறுக்காமல், மூச்சு சீராக இருந்தால் அடுத்த நாள் இன்னும் சற்று நேரம். தாடி கறுத்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளவேண்டும். அது 'வேண்டாம்' என்று சொன்னதும் கை விலகுகிறது என்பதை அது கவனிக்கிறது. பயம் தெளிய இதைவிடச் சிறந்த மருந்தில்லை.

தூக்கும் முறை

தரையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்துதான் தூக்கவேண்டும். நின்றுகொண்டு தூக்கினால், அது துள்ளிக் குதிக்கும்போது எலும்பு முறியும். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, வீட்டில் நாய் பூனை இருந்தால் வெளியே விட்டுவிடுங்கள்.

கை பக்கத்திலிருந்து, தரையோடு வழுக்கிக்கொண்டு, அதன் கண்ணுக்குத் தெரியும்படி போகவேண்டும். முன்னங்கால்களுக்கு இடையே மார்புக்கு அடியில் விரல்களை நுழைத்து, உள்ளங்கையால் வயிற்றைத் தாங்கி, மறு கையால் பின்னங்கால்களையும் வாலின் அடிப்பகுதியையும் சேர்த்துத் தூக்கவேண்டும். நான்கு கால்களும் எதன்மேலாவது ஊன்றியிருந்தால் அது திமிறாது. வால் உங்கள் முன்கையின் மேல் நீளமாகப் படுத்திருக்கட்டும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வீட்டுப் பல்லியின் வால் அறுந்தால் மறுபடி முளைக்கும், தாடி ஓணானின் வால் முளைக்காது.

விலாவை இறுக்கிப் பிடிப்பதும் ஆபத்து. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் அதற்கில்லை, விலா எலும்புகள் விரிந்து சுருங்கித்தான் மூச்சு விடுகிறது. மல்லாக்கப் படுக்கவைத்தால் அது அசையாமல் கிடக்கும். வேடிக்கைக்காக அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளுறுப்புகள் நுரையீரலை அழுத்தி அது திணறிக்கொண்டிருக்கும் நிலை அது.

தில்லிக் குளிர்காலத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: கையால் பின்னிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூக்கவேண்டாம். வளைந்த நகம் கம்பளிக் கண்ணியில் மாட்டி, பிராணி திமிறும்போது நகமோ விரலோ பிய்ந்துவிடும். மேலே ஒரு பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் போதும். நகத்தில் சிவப்புப் பாலிஷ் இருந்தால் பூவிதழ் என்று கவ்வப் பார்க்கும். தூக்குவதற்கு முன்னால் கையைச் சோப்பால் கழுவி, ஈரம் துடைத்துக் கொள்ளவேண்டும். தலைவலித் தைலம், சானிடைசர் வாசனையோடு போகவேண்டாம்.

முதல் நாட்களில் ஐந்து நிமிஷம் போதும். பழகப் பழகக் கால் மணி, இருபது நிமிஷம் என்று கூட்டலாம். குளிர்காலத்தில் அரை மணிக்கு மேல் சூட்டை விட்டு வெளியே வைக்கவேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் தூக்கக்கூடாது, செரிக்க அது சூடு காயவேண்டும். தோல் உரிக்கும் நாட்களிலும் விட்டுவிடுங்கள். இரவில் தூங்குகிறதை எழுப்பவேண்டாம். ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தினர் 2016இல் இதே தாடி ஓணானின் தூக்கத்தை அளந்தபோது, ஆழ்ந்த தூக்கமும், மனிதர் கனவு காணும்போது வருவது போன்ற கண் அசையும் தூக்கமும் மாறி மாறி வருவதைக் கண்டார்கள். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தால் அடுத்த நாள் அது சிடுசிடுவென்றுதான் இருக்கும்.

அதன் உடம்பைப் படியுங்கள்

வெயில் விளக்கின் கீழே நிம்மதியாகப் படுத்தபடி, தாடி தளர்ந்து, வாயை மட்டும் சற்றுத் திறந்து வைத்திருந்தால் கவலைப்படவேண்டாம். அதிகச் சூட்டை வெளியேற்றுகிறது. உங்களைப் பார்த்து, தாடி உப்பி, உடம்பு விறைத்து வாயைப் பிளந்தால் அது பயம். காலையில் முதுகு கறுத்திருந்தால் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள நிறத்தை மாற்றியிருக்கிறது. தூக்கும்போது தாடி மட்டும் கறுத்தால் அது எச்சரிக்கை. வயிற்றில் கருங்கோடுகளும் வளையங்களும் தொடர்ந்து தெரிந்தாலோ, கண்ணாடியைப் பிறாண்டி ஏறிக்கொண்டே இருந்தாலோ, அதற்கு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. கண்கள் திறந்து, தலை நிமிர்ந்து, சுற்றிலும் பார்த்தபடி, மூச்சு நிதானமாக உங்கள் கையில் உட்கார்ந்திருந்தால் மகன் தாராளமாகச் சந்தோஷப்படலாம்.

குழந்தையும் மாமியாரும்

இதில் நான் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஆரோக்கியமாகத் தெரியும் டிராகனின் எச்சத்திலும் தோலிலும்கூட சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை வீட்டு டிராகன்கள் மூலம் சால்மொனெல்லா பரவி, 36 மாநிலங்களில் 166 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள். உங்கள் மூன்று வயது மகள் அதைத் தொடக்கூடாது. தள்ளி நின்று பார்க்கட்டும். சர்க்கரை நோய் உள்ள உங்கள் மாமியாரும் தொடாமல் இருப்பதே நல்லது.

மகன் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவவேண்டும். சானிடைசர் அதற்கு ஈடாகாது. முத்தம் கொடுப்பது, முகத்தருகே வைத்துப் படம் எடுப்பது, சாப்பாட்டு மேசையில் விடுவது எதுவும் வேண்டாம். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. தனி வாளி, தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைப் பக்கமே அது வராவிட்டால் உங்கள் மாமியாரின் கவலையும் பாதி தீர்ந்துவிடும்.

வெயில் காட்ட மொட்டை மாடிக்குக் கொண்டுபோவீர்கள். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிஷங்களிலேயே உள்ளே அடுப்பாகிவிடும். கம்பிக்கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி, ஆள் பக்கத்திலேயே இருக்க வையுங்கள். தில்லி வானத்தில் பருந்து இல்லாத நேரமில்லை, குரங்கும் வரும். புகைமூட்டம் அடர்ந்த நாட்களில் வெளியே எடுக்கவேண்டாம்.

சட்டம்

உடும்பு, நட்சத்திர ஆமை, தார்ப் பாலைவனத்து முள்வால் ஓணான் போன்ற இந்தியக் காட்டு விலங்குகளை வீட்டில் வைப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாடி ஓணான் அயல்நாட்டு இனம் என்பதால் அந்த வகையில் வராது. ஆனால் 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட சைட்டிஸ் பட்டியல் இனங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்யவேண்டும் என்று அது சொல்கிறது. இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் நடக்கிறது. பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால், உங்கள் மகனின் மாமா வாங்கிய ரசீதை எடுத்துக்கொண்டு தில்லி வனத்துறையில் எழுத்துமூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ரசீதே இல்லாமல் விற்பவரிடம் இனி எதையும் வாங்கவேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஊர்வன அடைபட்டு விமான நிலையங்களில் பிடிபடுவதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். வாங்க ஆளிருப்பதால்தான் அவை அப்படித் திணிக்கப்படுகின்றன.

இதே விஷயமாக வந்த வேறு இரண்டு கேள்விகள்:

கேள்வி: எங்கள் ஆண் டிராகனுக்கு மூன்று வயது. கையிலேயே தூங்கும் அளவுக்குப் பழகியது, பிப்ரவரி பிறந்ததும் தாடி கறுத்துத் தலையை வேகமாக ஆட்டுகிறது, கண்ணாடியில் மோதுகிறது. நம்பிக்கை போய்விட்டதா? — ஒரு வாசகர், ஆர்.கே. புரம், தில்லி

பதில்: போகவில்லை. குளிர் விலகிப் பகல் நீளும்போது இனப்பெருக்கக் காலம் தொடங்குகிறது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிராளி என்று நினைத்து அது மோதுகிறது. பக்கங்களை மறையுங்கள், தூக்குவதைச் சில வாரங்கள் குறையுங்கள், உணவு மட்டும் கையால் கொடுத்துவாருங்கள். தானே தணிந்துவிடும். பெண் டிராகன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆண் சேராமலே அது முட்டையிடக்கூடும். சாப்பிடாமல் மூலையைத் தோண்டிக்கொண்டே இருந்தால், ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய பெட்டி வைத்துத் தனியே விடுங்கள். முட்டை தங்கிவிட்டதாகத் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி டிராகன் வாங்கித் தர நினைக்கிறேன். ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமே? — ஒரு வாசகர், மடிப்பாக்கம், சென்னை

பதில்: ஒரே தொட்டியில் இரண்டு வேண்டாம். டிராகன்கள் தனியே வாழ்பவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுப்பதைப் பாசம் என்று நினைப்பார்கள். வலுத்தது வெயிலிடத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது சூடும் உணவும் கிடைக்காமல் மெலியும். ஒருநாள் விரலோ வாலோ போகும். ஒன்று வாங்குவதானாலும் யோசியுங்கள். வளர்ந்தால் அரை மீட்டர் நீளம் வரும். நான்கு அடி நீளத் தொட்டி, விளக்குகள், தினசரி கீரை, பூச்சி, மருத்துவம் எல்லாம் எட்டு முதல் பன்னிரண்டு வருஷத்துக்கு உங்கள் பொறுப்பு. அதற்குள் உங்கள் மகள் கல்லூரிக்குப் போயிருப்பாள். அறையின் ஈரப்பதம் நாற்பது சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். சென்னையில் அது லேசுப்பட்ட வேலையில்லை. முதலில் மகளைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் அழைத்துப் போங்கள். தோட்டத்து வேலியில் நம் ஓணானைப் பிடிக்காமல், கல்லெறியாமல் தள்ளி நின்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். ஆர்வம் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் அப்போது பேசலாம்.

மயூர் விஹார் சகோதரிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் மகனுக்குப் பொறுமையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. அவனுக்குத் துணையாக ஒரு பெரியவர் வீட்டில் எப்போதும் பொறுப்பேற்கவேண்டும், அது நீங்களாகத்தான் இருக்கும். எவ்வளவு செய்தும் சில டிராகன்கள் கையில் இருப்பதை விரும்புவதில்லை. உங்களுடையது அப்படியானால், தூக்காமல் பார்த்து ரசித்து வளர்க்கலாம், அதிலும் குறைவில்லை. வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால், பொறுப்பான வளர்ப்பாளரிடமோ விலங்கு நல அமைப்பிடமோ ஒப்படையுங்கள். பூங்காவிலோ ரிட்ஜ் காட்டிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தில்லியின் ஒரு குளிர்காலத்தைக்கூட அதனால் தாண்ட முடியாது.